தாய் சுமக்கும் பாரம்



இளைஞரிடையே பரவிவரும் போதைப் பழக்கத்தைப் பற்றி இன்று எங்கும் பேச்சு நிகழ்கிறது. பேசுவோர் பெரும்பாலும் இருவரைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவன், அப்பழக்கத்தில் வீழ்ந்த இளைஞன். மற்றவன், அவனுக்கு அப்பொருளை விற்றுப் பிழைக்கும் கயவன். முன்னவனைத் திருத்த வேண்டும், பின்னவனைத் தண்டிக்க வேண்டும் என்று கூறி முடித்துவிடுகிறோம். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவள் அப்பொருளைத் தொட்டதுமில்லை, விற்றதுமில்லை. ஆயினும் அதனால் விளையும் வேதனையில் பெரும்பங்கு அவளையே சேர்கிறது. அவள் அந்த இளைஞனைப் பெற்றவள். அவளைப் பற்றியும், அவளுடைய பாரத்தை இறக்கிவைக்க வழி உண்டா என்பதைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் இந்நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பொருட்டு, தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி, 2019ஆம் ஆண்டில் அதன் அறிக்கையை வெளியிட்டது. இரண்டு லட்சம் வீடுகளுக்குச் சென்று, 10 வயது முதல் 75 வயது வரையுள்ள மக்களைக் கண்டு விசாரித்து எடுத்த கணக்கு அது. அதன்படி, அபினையும் ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களையும் பயன்படுத்துவோர் 2 கோடியே 26 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு அப்பழக்கம் பிறர் உதவி இன்றியமையாததாகும் அளவுக்கு முற்றியிருந்தது. பசையையும் பெயிண்டில் கலக்கும் தின்னரையும் முகர்ந்து மயங்கும் பழக்கமோ, வயது வந்தோரைக் காட்டிலும் சிறுவரிடத்தே மிகுதியாகக் காணப்பட்டது. 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் அது 1.17 சதவீதம்.

அந்த அறிக்கையில் இன்னும் ஒரு கணக்கு உண்டு. போதைப் பொருள்களுக்கு ஆட்பட்டோருள் 20 பேரில் ஒருவரும், மதுவுக்கு ஆட்பட்டோருள் 38 பேரில் ஒருவரும் மட்டுமே எப்போதேனும் ஏதாவது சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தனர். அப்படியானால், எஞ்சிய 19 பேரையும் 37 பேரையும் பார்த்துக்கொள்வது யார்? மருத்துவர் அல்லர், செவிலியர் அல்லர். அவர்களுடைய வீட்டில் இருக்கும் யாரோ ஒருவர்தாம். மணமாகாத இளைஞனின் வீட்டில் அவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார். பயிற்சி இல்லாமல், ஓய்வு இல்லாமல், ஊதியம் இல்லாமல், பிறர் அறியாமல், ஒரு கடும் நோய்க்குத் தனியாளாக வைத்தியம் பார்க்கும் நிலை அது.

நம் குடும்பங்களில் தாய்க்கு நாம் அளித்திருக்கும் கடமைகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுச் செலவைச் செட்டாக நடத்துவது, நோயுற்றோருக்குப் பணிவிடை செய்வது, தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பாலமாக நிற்பது, வீட்டின் மானத்தைக் காப்பது என்ற நான்கையும் அவளிடம் ஒப்படைத்திருக்கிறோம். மகன் போதைக்கு ஆட்பட்டுவிட்டால், இந்த நான்கு கடமைகளும் அவளுக்கு எதிராகவே திரும்பிவிடுகின்றன.

முதலில் செலவை எடுத்துக்கொள்வோம். அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த காசு காணாமற்போகிறது. பின்னர் பாத்திரமும், அதற்குப் பின்னர் நகையும் போகின்றன. இதுவரை பூட்டாத அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொள்கிறாள். கள்வனுக்கு அஞ்சிப் பூட்டுவது ஒன்று. பெற்ற பிள்ளைக்கு அஞ்சிப் பூட்டுவது வேறொன்று. அன்று முதல் அவள் அவனைத் தாயின் கண்ணால் மட்டும் பார்க்க முடிவதில்லை. காவற்காரனின் கண்ணாலும் பார்க்க வேண்டியவளாகிறாள்.

இரண்டாவது, பணிவிடை. ஹெராயினுக்கு ஆட்பட்டவனுக்கு அது கிடைக்காவிட்டால், ஒரு நாளுக்குள்ளாகவே உடல் முறுக்கத் தொடங்குகிறது. மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர் சிலிர்க்கும், எலும்பெல்லாம் வலிக்கும், வாந்தியும் பேதியும் காணும். இரண்டு மூன்று நாள்களில் அத்துன்பம் உச்சத்தை எட்டும். கண்ணெதிரே துடிக்கும் பிள்ளைக்கு என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவது தாயின் இயல்பு. அவன் கேட்பது பணம். அவள் கொடுக்கிறாள். அவன் வெளியே சென்று, சிறிது நேரத்தில் அமைதியாகத் திரும்பி வருகிறான். நோய் தீர்ந்தது போல் தோன்றுகிறது. உண்மையில் நோயே உணவூட்டப்பெற்றது. பணிவிடை செய்தவளே நோய்க்குத் துணையாகிவிடும் விபரீதம் இவ்வாறு நேர்கிறது.

மூன்றாவது, பாலமாக நிற்றல். தந்தையின் சினத்துக்கு அஞ்சித் தாய் முதலில் மறைக்கிறாள். ஒருநாள் மறைத்தது வெளிப்படுகிறது. "நீ கொடுத்த செல்லத்தால் கெட்டான்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை அண்டை வீட்டார் ஏந்திக்கொள்கிறார்கள். பிள்ளை முதல் மாணவனாகத் தேறியபோது தந்தையின் பெயரைச் சொன்ன உலகம், அவன் தவறியபோது தாயின் வளர்ப்பைச் சொல்கிறது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளோ, அம்மாவின் கவனம் முழுவதும் ஒருவன் மீதே கிடப்பதைக் கண்டு, தாங்கள் நல்லவர்களாக இருப்பதால்தான் புறக்கணிக்கப்படுகிறோமோ என்று மனம் புழுங்குகிறார்கள்.

நான்காவது, மானம். கல்லூரியிலிருந்து கேட்டு வந்தவருக்கும், வேலையிடத்திலிருந்து ஆள் அனுப்பியவருக்கும், மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டாருக்கும் அவள் ஒரே விடையைச் சொல்கிறாள்: "அவனுக்கு உடம்பு சரியில்லை." மறைப்பதற்காகச் சொல்லும் சொல் அது. ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. பொய்யென்று எண்ணி அவள் கூச்சத்தோடு சொல்லும் அச்சொல்தான் முழு உண்மை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்குச் சொற்களின் மாற்றம் கண்ணில் படாமற் போகாது. போதைப் பொருள்களைத் தடுக்க 1985இல் இயற்றப்பெற்ற சட்டம், அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவரை 'அடிமை' என்னும் கருத்துப்படும் சொல்லாலேயே குறிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோய் என்பதன் வரையறைக்குள்ளேயே, மதுவும் போதைப் பொருள்களும் காரணமாக வரும் மனக்கேடுகளையும் சேர்த்துக்கொண்டது. 32 ஆண்டுகளில் சட்டத்தின் மொழி தாயின் மொழிக்கு அருகே வந்துவிட்டது எனலாம். அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டுவிட்டது. எஞ்சியிருப்பது, அந்தச் சொல்லை மூடிய கதவின் பின்னிருந்து சொல்லாமல், கேட்க வேண்டியவர் காதில் சொல்வதுதான்.

அவ்வாறு கதவைத் திறந்து வெளியே வந்த தாய்மார் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் காண வடகிழக்கு எல்லைக்குச் செல்ல வேண்டும். முன்னர்க் கூறிய கணக்கெடுப்பின்படி, அபின் வகைப் பொருள்களின் பழக்கம் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேலாகக் காணப்பட்ட மாநிலங்கள் அப்பகுதியைச் சேர்ந்தவையே. அவற்றுள் மணிப்பூர் பர்மாவை, அதாவது இன்றைய மியான்மரை, ஒட்டியிருக்கிறது. அவ்வெல்லையிலுள்ள மோரே என்ற ஊரில், பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழரும் குடியேறியிருப்பதால், அந்த மண் நமக்கு முற்றும் அயலானது அன்று. எல்லைக்கு அப்பால் விளையும் அபினிலிருந்து காய்ச்சிய ஹெராயின், நான்காம் எண் என்ற பெயரோடு 1980களில் மணிப்பூருக்குள் பெருகிற்று.

மணிப்பூர்ப் பெண்கள் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவர் அல்லர். இம்பால் நகரில் பெண்களே வணிகம் நடத்தும் பெரிய சந்தை ஒன்று உண்டு. அதற்கு இமா கைத்தெல் என்று பெயர். இமா என்றால் அம்மா. கைத்தெல் என்றால் சந்தை. 1904ஆம் ஆண்டிலும் 1939ஆம் ஆண்டிலும் அந்நிய ஆட்சியின் கொடுமைகளை எதிர்த்து அம்மாநிலத்துப் பெண்கள் திரண்டெழுந்ததை வரலாறு கூறும். அந்த மரபில் வந்தவர்கள் 1970களில் குடிப்பழக்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். போதையை நிறுத்து என்னும் பொருளில் அவ்வியக்கத்துக்கு நிஷா பந்த் என்ற பெயர் வழங்கிற்று. பகலெல்லாம் சந்தையிலும் வயலிலும் உழைத்த பெண்கள், இரவில் தீவட்டி ஏந்தித் தத்தம் தெருவைக் காவல் காத்தனர். ஆபத்து என்றால் மின்கம்பத்தைக் கல்லால் தட்டி ஒலியெழுப்புவர். கேட்ட வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் ஓடிவருவர். பின்னர் அவர்களுக்கு மைரா பைபி, அதாவது தீவட்டி ஏந்துவோர், என்ற பெயரே நிலைத்தது. அவர்களுடைய நோக்கமும் மதுவோடு நில்லாமல் விரிவடைந்தது. 1991இல் மணிப்பூரில் மதுவிலக்குச் சட்டம் வந்ததற்கு அவர்களுடைய கிளர்ச்சியும் ஒரு காரணம். 2023இல் அம்மாநில அரசாங்கமே அவ்விலக்கைத் தளர்த்திற்று. அதே ஆண்டு மே மாதம் மூண்ட இனக்கலவரத்தில் அம்மகளிர் இயக்கமும் சிக்குண்டு கண்டனத்துக்கு ஆளாயிற்று. அது தனியே பேச வேண்டிய பொருள். இங்கு நாம் கருதுவது அவ்வியக்கத்தின் தொடக்கத்தையே.

அத்தொடக்கத்தில் தாய்மார் அடைந்த பெரும் நன்மை ஒன்று உண்டு. "என் வீட்டில் மட்டுந்தான் இந்தக் கேடு" என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே அழுதுகொண்டிருந்த நிலை மாறிற்று. தீவட்டியின் வெளிச்சத்தில் ஒருத்தியின் முகத்தை இன்னொருத்தி கண்டாள். வெட்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் தீவட்டியால் ஆகாதது ஒன்றும் உண்டு. காவல் தெருவைக் காக்கும். நரம்பில் ஏறிய நோயைக் காவலால் இறக்க முடியாது.

அதனை 1990ஆம் ஆண்டு கொடுமையாக உணர்த்திற்று. ஹெராயினை ஊசி வழியே ஏற்றிக்கொள்ளும் இளைஞர் ஒரே ஊசியைப் பலராகப் பகிர்ந்துகொண்டதால், எச்.ஐ.வி. என்னும் நச்சுக்கிருமி ஓராண்டுக்குள் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்றிவிட்டது. காவலருக்கு அஞ்சி ஒளிந்து ஊசி போட்டுக்கொள்பவனுக்குத் தூய ஊசி கிடைப்பதில்லை. மருத்துவரிடம் செல்லத் துணிவும் வருவதில்லை. அவனிடமிருந்து அவன் மனைவிக்கும், சில சமயம் அவள் வயிற்றுக் குழந்தைக்கும் அக்கிருமி சென்றது.

நம் நாட்டு வழக்கம் ஒன்றை இவ்விடத்தில் மனம் திறந்து பேச வேண்டும். தவறிய பிள்ளைக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று பெண் பார்க்கப் புறப்படுகிறோம். தாயின் பாரத்தை இன்னொருவர் பெற்ற பெண்ணின் தலைக்கு மாற்றுவதற்குப் பெயர் சிகிச்சை ஆகாது. மணிப்பூரில் கணவனை எச்.ஐ.வி. நோய்க்குப் பறிகொடுத்து, தாமும் அக்கிருமியைச் சுமந்த இளம் கைம்பெண்கள் பலர். மகனையும் மருமகளையும் இழந்து, பேரக் குழந்தைகளை வளர்க்க மீண்டும் தாயாகிய மூதாட்டிகளும் உண்டு. ஓய்வு பெற வேண்டிய வயதில் குடும்பத்தின் முழுப் பொறுப்பும் அவர்கள் தோளில் மறுபடியும் ஏறிற்று. இந்தத் துன்பத்திலிருந்து பாடம் கற்ற அம்மாநிலம், 1996இல் எய்ட்ஸ் நோய் குறித்துத் தனக்கென ஒரு கொள்கையை வகுத்தது. பழக்கத்தை உடனே விடமுடியாதவனையும் கைவிடாமல், தூய ஊசியும் மருத்துவமும் கொடுத்து முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்ற நெறி அங்கே வேரூன்றிற்று.

அண்டை மாநிலமான நாகாலாந்திலும் தாய்மாரே முன்வந்தனர். 1984இல் நாகா அன்னையர் சங்கம் தோன்றிற்று. குடியும் போதையும் தம் பிள்ளைகளைக் கொள்ளை கொள்வதைத் தடுப்பது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. பிரசாரத்தோடு நின்றுவிடாமல், அச்சங்கத்தார் கோகிமாவில் மறுவாழ்வு இல்லம் ஒன்றையும் நடத்தினார்கள். தன் மகனுக்காகத் தனியே விழித்திருந்தவள், பலருடைய மகன்களுக்காகவும் பலரோடு சேர்ந்து விழித்திருக்கத் தொடங்கினாள். தீவட்டி ஏந்திய தாய்மார் நமக்குத் துணிவைக் கற்பிக்கிறார்கள். இல்லம் திறந்த தாய்மார் துணிவோடு மருத்துவமும் சேர வேண்டும் என்பதைக் கற்பிக்கிறார்கள்.

இனி, நம் வீட்டில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

பிள்ளையை அறையில் பூட்டி வைத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான எண்ணம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே கேடு நேரலாம். ஹெராயின் பழகியவனுக்கோ ஆபத்து பின்னால் காத்திருக்கிறது. சில நாள்கள் விட்டிருந்தால், அதைத் தாங்கும் சக்தி உடலில் குறைந்துவிடும். மீண்டும் சபலம் எழுந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகும். திருந்திவிட்டான் என்று தாய் நிம்மதியாக உறங்கும் இரவே அவனுடைய கடைசி இரவாகிவிடக்கூடும். ஆகையால் நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடைபெற வேண்டும்.

அபின் வகைப் பழக்கத்துக்கு நல்ல மருந்துகள் இன்று உள்ளன. புப்ரெனார்ஃபின் அவற்றுள் ஒன்று. நலாக்சோனோடு சேர்த்து அதை அளிக்கும் புறநோயாளர் நிலையங்களைப் பஞ்சாப் மாநிலம் 2017 முதல் நடத்தி வருகிறது. இம்மருந்தை மாதக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில், உட்கொள்ள நேரலாம். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று கேட்போர் உண்டு. நீரிழிவு உள்ளவர் நாள்தோறும் மருந்து கொள்வதை நாம் பழிப்பதில்லை. இவன் மருந்துண்டு வேலைக்குச் சென்று, உண்டு உறங்கி, உயிரோடு இருக்கிறான் என்பதுதான் இங்கே கணக்கு. இடையில் ஒருமுறை சறுக்கினால், எல்லாம் பாழ் என்று கைவிடுவதும் தகாது. நெடுநாள் நோய் சில சமயம் திரும்பும். சிகிச்சையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

மருத்துவமனைக்குச் சென்றால் காவலர் பிடித்துக்கொள்வாரோ என்ற அச்சம் பல தாய்மாரைத் தடுக்கிறது. முன்னர்க் கூறிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருளைப் பயன்படுத்திய குற்றமோ, சிறு அளவு வைத்திருந்த குற்றமோ மட்டும் உடையவர், அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்பது அதன் சாரம். சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் அப்பாதுகாப்பு நீங்கிவிடலாம். இதை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் நலம். எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமற்ற தேசியத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

இவையெல்லாம் செய்தும், பாரம் முழுவதும் தாயின் தலைமேலேயே இருந்தால் பயனில்லை. குடும்பத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தந்தை ஏற்கட்டும். பணமும் மருந்தும் வேறொரு பெரியவரின் கையில் இருக்கட்டும். அப்போது தாயிடம் கெஞ்சுவதற்கும் அவளை மிரட்டுவதற்கும் இடமிராது. வேளைக்குச் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, கையில் காசு மட்டும் இல்லை என்ற முடிவை, அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், எல்லோருமாகச் சேர்ந்து அவனிடம் சொல்லட்டும். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் மறைவில் கொடுக்கலாகாது. அவன் கை ஓங்கினால், பிள்ளை தானே என்று பொறுத்துக்கொள்வது தாய்மையின் இலக்கணம் அன்று. உடனே அவள் துணை தேட வேண்டும். அவளுடைய உறக்கமும், அவள் உண்ணும் மருந்தும், அவள் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வரும் ஒரு மாலைப் பொழுதும் சிகிச்சையின் பகுதிகளே என்று வீட்டார் கருத வேண்டும்.

அண்டை அயலாராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அத்தகைய வீட்டுத் தாயைக் காணும்போது, "எப்படி வளர்த்தாய்?" என்று கேளாதிருப்போம். "மருத்துவரிடம் போகும்போது நானும் உடன் வரட்டுமா?" என்று கேட்போம். முன்னைய கேள்வி அவளைக் கதவுக்குப் பின்னே தள்ளும். பின்னையது அவளை வெளியே அழைத்து வரும்.

20 பேரில் ஒருவர்தாம் உதவி பெறுகிறார் என்ற கணக்கைச் சர்க்கார் மட்டும் மாற்றிவிட முடியாது. மருத்துவமனையின் வாயில் வரை நோயாளி வந்தாக வேண்டும். அவனை அங்கே கொண்டுவரக்கூடியவள், அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதன்முதலில் அறிந்தவளே. அவள் அச்சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லலாம் என்ற நிலையை உண்டாக்குவது நம் எல்லோருடைய பொறுப்பு.